வெளிவராத பாட்டுக்கு உருப்படியா சண்டை போடுறது எப்படி

போன ஞாயித்துக்கிழமை நைட்டு பத்தரை மணிக்கு பெரம்பூர் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில நாலு பேர் நின்னுக்கிட்டு, 'கேரவுசல்' பாட்டை மைக்கேல் ஜாக்சனோட த்ரில்லர் ஆல்பத்துலேர்ந்து தூக்கினது சரியா தப்பான்னு அடிச்சுக்கிட்டோம். டீ ஆறிப்போச்சு, கடைக்கார அண்ணன் ஷட்டரை பாதி இறக்கிட்டாரு, நாங்க நகரல. ஆல்பம் வந்தது 1982 நவம்பர்ல. அடிச்சுக்கிட்ட நாலு பேர்ல ரெண்டு பேர் அப்போ பொறக்கவே இல்ல.

நான் மைக்கேல் ஜாக்சன் பைத்தியம். எங்க ஏரியாவுல இது பெரிய அதிசயம் கிடையாது, பெரம்பூர் வியாசர்பாடி பக்கம் வளர்ந்த என் வயசு ஆளுங்கள்ல யாரை கேட்டாலும் தெருமுனையில மூன்வாக் பழகி செருப்பு தேஞ்ச கதை ஒண்ணு வெச்சிருப்பாங்க. எனக்கு கூடுதலா ஒரு வசதி, எங்க மாமா ரெக்கார்டிங் சென்டர் வெச்சிருந்தாரு, நீங்க பேப்பர்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுத்தா ரெண்டு நாள்ல கேசட்டுல பதிஞ்சு குடுப்பாரு பாருங்க, அந்த மாதிரி கடை. அங்க ஒரு மர ஸ்டூல்ல உக்காந்து ஆரம்பிச்சது இது. இப்போ நம்ம கும்பல்ல புதுசா சேர்ற பசங்க வந்த உடனே "ப்ரோ லீக் ஆன பாட்டு எதாச்சும் இருக்கா"ன்னு கேக்குறாங்க, ஒரு தடவை கேட்டுட்டு "இதை போய் ஆல்பத்துல வெக்காம விட்டானுங்களே லூசுங்க"ன்னு தீர்ப்பும் சொல்லிடுறாங்க. அவங்களுக்காக எழுதுறேன். ஜாக்சனை வெச்சுதான் சொல்லப்போறேன், ஆனா ராஜா ரசிகர் ரஹ்மான் ரசிகர் யாரா இருந்தாலும் பாதிக்கு மேல பொருந்தும்.

கேக்குறது என்ன ரகம்னு முதல்ல பாருங்க

"அன்ரிலீஸ்ட்"னு ஒரு கோணிப்பையில எல்லாத்தையும் போட்டு கட்டிடுறோம், அப்புறம் உள்ள இருக்கிறது தக்காளியா உருளைக்கிழங்கான்னு தெரியாமலே சண்டை. கோடம்பாக்கத்துல பாட்டு எப்படி வருதுன்னு உங்களுக்கு தெரியும்ல, முதல்ல மெட்டை தத்தகாரத்துல பாடுவாங்க, இல்லன்னா வாய்க்கு வந்த டம்மி வரி, அப்புறம் கவிஞர் எழுதுவாரு, ட்ராக் பாடுறவர் ஒரு தடவை பாடி வெப்பாரு, கடைசியாதான் பெரிய பாடகர் வந்து மைக் முன்னாடி நிப்பாரு. அதே படிக்கட்டுதான் அங்கயும். ஜாக்சனுக்கு நோட்ஸ் எழுதுற பழக்கம் கிடையாது, டிரம்ஸ் பேஸ் ஸ்ட்ரிங்ஸ் எல்லாத்தையும் வாயாலயே போட்டு டேப்ல பதிஞ்சு வெப்பாரு. 'பில்லி ஜீன்' பாட்டோட 1981 வீட்டு டெமோ, அதாவது மாதிரிப் பதிவு, த்ரில்லரோட 2001 ஸ்பெஷல் எடிஷன்ல வந்துச்சு, அதுல நிறைய இடத்துல வரியே கிடையாது, வெறும் முணுமுணுப்பு. அந்த முணுமுணுப்பை வெச்சு "ஒரிஜினல் வரிகள் வேற, உள்ள ஒரு ரகசியம் இருக்கு"ன்னு ஒருத்தன் ரெண்டு பக்கத்துக்கு எழுதி எங்க வாட்ஸாப் குரூப்ல போட்டான். தத்தகாரத்துக்கு கோனார் நோட்ஸ் போட்ட மாதிரி இருந்துச்சு.

'ஸ்டார்லைட்'டும் இப்படித்தான். ராட் டெம்பர்ட்டன் எழுதின பாட்டு, மெட்டெல்லாம் நமக்கு நல்லா தெரிஞ்ச 'த்ரில்லர்' மெட்டுதான், பேயும் கிடையாது பிசாசும் கிடையாது. அந்த டெமோ 2022ல த்ரில்லர் ஆல்பத்தோட நாற்பதாவது ஆண்டு எடிஷன்ல வந்தப்போ "இவ்ளோ நல்ல பாட்டை ஏன்டா ஆல்பத்துல சேர்க்கலை"ன்னு ஒரு தம்பி கண் கலங்கிட்டான். சேர்த்துட்டாங்கடா தம்பி, பேரை மாத்தி. 'அல் கபோன்' 2012ல வெளிய வந்தப்பவும் இதே அழுகை, அது வளர்ந்துதான் 'ஸ்மூத் கிரிமினல்' ஆச்சு. இதெல்லாம் ஒரு பாட்டோட பால்பல், விழுந்துதான் ஆகணும். பால்பல்லுக்காக சண்டை போடாதீங்க.

முழுசா பாடி, வாசிச்சு, மிக்ஸ் வரைக்கும் போய் அப்புறம் வெளிய நிறுத்தினது இருக்கே, அதுதான் அவுட்டேக். சண்டைக்கு லாயக்கான சரக்கு அது ஒண்ணுதான்.

இன்னொரு ரகம், ஆள் போனப்புறம் வேற யாரோ கை வெச்சது. 2014ல வந்த எக்ஸ்கேப் ஆல்பத்துல எட்டு பாட்டு, எட்டுலயும் புது தயாரிப்பாளர்கள் புதுசா இசை கட்டியிருக்காங்க, ஆனா டீலக்ஸ் எடிஷன் வாங்கினா அதே எட்டோட பழைய வடிவமும் கூடவே இருக்கு. ரெண்டையும் கேக்காம "அப்பவே இப்படி ஒரு சவுண்டு யோசிச்சிருக்காரு பாரேன்"னு சொல்லாதீங்க. நான் சொல்லியிருக்கேன், ஒரு வருஷம் ஓட்டினாங்க.

நம்ம ஊர் குழப்பம் தனி. படத்துல வராத பாட்டை எல்லாம் வெளிவராத பாட்டுன்னு சொல்லிடுறோம். தளபதி 1991ல வந்தப்போ 'புத்தம் புது பூ பூத்ததோ' கேசட்டுல இருந்துச்சு, யேசுதாஸும் ஜானகியம்மாவும் பாடினது, தியேட்டருக்கு போனா பாட்டு இல்ல. ஆனா வீட்டுக்கு வீடு ஓடின பாட்டுங்க அது, அதை வெளிவராததுன்னு எப்படி சொல்ல முடியும். படத்துல வெட்டினது வேற கதை, ஆல்பத்துல வெட்டினது வேற கதை.

வருஷத்தை புடிங்க

ஒரு பாட்டு எப்போ வெளிய வந்துச்சுங்கிறதை வெச்சு பேசாதீங்க, எப்போ பதிஞ்சாங்கன்னு தேடுங்க. 2009 அக்டோபர்ல 'திஸ் இஸ் இட்' பாட்டை புதுப் பாட்டுன்னு விட்டாங்க, எங்க கும்பல்ல ஒருத்தர் "பாருங்க, கடைசி காலத்துலயும் குரல் எவ்ளோ இளமையா இருக்கு"ன்னு உருகிட்டாரு. இளமையா இல்லாம என்ன பண்ணும், அது 1983ல பால் ஆன்காவோட சேர்ந்து எழுதின 'ஐ நெவர் ஹேர்ட்'ங்கிற பாட்டு. சஃபயர்னு ஒரு பாடகி 1991லயே அதை பாடி ஆல்பத்துல போட்டுட்டாங்க. விஷயம் வெளிய வந்தப்புறம்தான் ஆன்காவுக்கு பாதி உரிமை குடுத்தாங்க. அதே 1983 கூட்டணியில எழுதின 'லவ் நெவர் ஃபெல்ட் சோ குட்' ஜாக்சன் குரல்ல 2014ல வந்துச்சு, அதுக்கு முப்பது வருஷம் முன்னாடியே ஜானி மாத்திஸ் பாடி வெளியிட்டாச்சு.

தலைகீழாவும் நடக்கும். 'பிளட் ஆன் தி டான்ஸ் ஃப்ளோர்' 1991 டேஞ்சரஸ் ஆல்பத்துக்காக ஆரம்பிச்சது, வந்தது 1997ல. 'எர்த் சாங்' அந்த டேஞ்சரஸ் நேரத்துலயே கையில இருந்துச்சு, 1995 வரைக்கும் வெளிய விடல. ஒரு ஆல்பத்துல விட்டதுங்கிறதுக்காக குப்பையில போட்டாங்கன்னு அர்த்தம் இல்ல, ஊறுகாய் ஜாடி மாதிரி சிலதை மூடி வெச்சிருவாரு.

தேடுறதுக்கு ஒரு வழி சொல்றேன். அமெரிக்க காப்பிரைட் ஆபீஸோட கேட்டலாக் 1978லேர்ந்து நெட்லயே இருக்கு, பேரை போட்டு தேடினா எந்த வருஷம் எந்த தலைப்பு பதிவாச்சுன்னு வரும். ஆனா தலைப்பு பதிவாகியிருந்தா பாட்டு முழுசா இருக்குன்னு குதிக்காதீங்க, நாலு வரி எழுதி பதிவு பண்ணி வெச்சிருந்தாலும் அது அங்க வரும். பேரை மட்டும் பார்த்துட்டு "இன்னும் நூறு பாட்டு உள்ள இருக்கு"ன்னு சொல்றவங்களை நம்பவே நம்பாதீங்க.

ஏன் விட்டாங்க

இங்கதான் பெரும்பாலான ஆளுங்க சறுக்குறாங்க. விட்டுட்டாங்கன்னா ஒண்ணு பாட்டு மட்டம், இல்ல கம்பெனிக்காரன் முட்டாள், இந்த ரெண்டுதான் அவங்களுக்கு தெரியும்.

மாமா கடைக்கே வர்றேன். 60 கேசட்டுன்னா பக்கத்துக்கு முப்பது நிமிஷம். கஸ்டமர் குடுத்த லிஸ்ட்ல பக்கத்துக்கு ஆறு பாட்டு எழுதியிருக்கும், மாமா ஒரு சின்ன டைரியில ஒவ்வொரு பாட்டோட நிமிஷத்தையும் எழுதி வெச்சிருப்பாரு, கூட்டிப் பார்த்து "தம்பி இது உள்ள அடங்காது, ஒண்ணை எடு"ன்னு சொல்லுவாரு. எடுக்க மாட்டேன்னு அடம் புடிச்சா பதிஞ்சுதான் குடுப்பாரு, ஆனா கடைசிப் பாட்டு ரெண்டாவது சரணத்துல "நீ வரு"ன்னு இழுக்கும்போதே டப்புனு நிக்கும். இன்னிக்கும் சில பாட்டு எனக்கு அந்த இடம் வரைக்கும்தான் மனப்பாடம், அதுக்கு மேல ஓடினா யாரோ வேற ஆள் வீட்டுக்குள்ள வந்த மாதிரி இருக்கும்.

எல்பி ரெக்கார்டுல, அதான் பெரிய இசைத்தட்டுல, நிலைமை இன்னும் மோசம். கேசட்டு டப்புனு நிக்கும், எல்பி நிக்காது, ஆனா நேரம் ஏற ஏற உள்ள இருக்கிற பள்ளத்தை எல்லாம் நெருக்கி நெருக்கி வெட்டணும், நெருக்கினா அலை சின்னதாகும், சத்தம் இறங்கும், பேஸ் அடி வாங்கும். பக்கத்துக்கு இருபது நிமிஷம் சுத்தி நிறுத்தினாதான் நல்லா கேக்கும். த்ரில்லர் ஆல்பத்தை முடிச்சு அவசர அவசரமா மாஸ்டர் பண்ணி போட்டு கேட்டப்போ இதுதான் ஆச்சு, பாட்டெல்லாம் நீளம், சவுண்டு மொண்ணை. ஜாக்சன் ஸ்டூடியோவுல அழுதுட்டாரு, அதை அவரே தன் சுயசரிதையில எழுதியிருக்காரு. அப்புறம் தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸும் சவுண்டு இஞ்சினியர் புரூஸ் ஸ்வீடியனும் உக்காந்து 'தி லேடி இன் மை லைஃப்' பாட்டுல ஒரு சரணத்தை தூக்கி, 'பில்லி ஜீன்' முன்னிசையை குறைச்சு, ஒவ்வொரு பாட்டா மறுபடி மிக்ஸ் பண்ணாங்க. கடைசியில ஒன்பது பாட்டு, 42 நிமிஷம். 'பில்லி ஜீன்'லயே கத்திரி போட்டவங்க 'கேரவுசல்' மேல இரக்கம் காட்டுவாங்களா சொல்லுங்க.

அந்த 'கேரவுசல்' இடத்தை புடிச்சது 'ஹியூமன் நேச்சர்'. அது வந்த கதை கேசட் காலத்து ஆளுங்களுக்கு ரொம்ப புடிக்கும். டோட்டோ பேண்டுல இருந்த டேவிட் பெய்ச் தன்னோட பாட்டுகளை குவின்சிக்கு அனுப்பணும், வாங்கிட்டு போக ஆள் வந்தாச்சு, கைவசம் புது கேசட் இல்ல. அதே பேண்டு ஸ்டீவ் போர்க்காரோ ஏற்கனவே தன்னோட பாட்டு ஒண்ணு இருந்த கேசட்டை எடுத்து மறுபக்கத்துல பெய்ச் பாட்டை பதிஞ்சு குடுத்து விட்டாரு. குவின்சி கேட்டுக்கிட்டு இருந்திருக்காரு, ஒரு பக்கம் முடிஞ்சதும் மிஷின் தானா மறுபக்கம் திரும்பிருச்சு. அனுப்ப நினைச்ச பாட்டெல்லாம் போச்சு, தவறுதலா ஓடினது நின்னுச்சு. போர்க்காரோ அதை எழுதினதே அவர் பொண்ணு ஸ்கூல்லேர்ந்து அழுதுக்கிட்டு வந்த அன்னிக்கு, ஏன் ஏன்னு அந்த குழந்தை கேட்ட கேள்விதான் பாட்டுல வருது. வரி முழுசா இல்லாததால ஜான் பெட்டிஸை கூப்பிட்டு எழுத வெச்சாங்க.

ஆக 'கேரவுசல்' வெளிய போனதுக்கு 'கேரவுசல்' காரணமே இல்ல. இதை டீக்கடையில சொன்னேன், எதிர்ல நின்னவன் "அப்போ அதிர்ஷ்டம்னு சொல்றியா"ன்னான். ஆமாடா, பாதி அதிர்ஷ்டம், மீதி ஸ்கேல் வெச்சு அளந்தது.

பாட்டு பிரமாதமா இருந்தும் கணக்குல கெட்டுப்போனதுக்கு உதாரணம் வேணும்னா 'பிஹைண்ட் தி மாஸ்க்'. ஜப்பான்ல யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா 1979ல போட்ட பாட்டு, ரியூச்சி சகமோட்டோ மெட்டு. ஜாக்சன் அதுல தன் பங்குக்கு வரி சேர்த்து த்ரில்லர் சமயத்துல பாடியே முடிச்சுட்டாரு, அப்புறம் ராயல்டி யாருக்கு எவ்ளோங்கிறதுல ஒத்துவரல, பாட்டு பெட்டிக்குள்ள போயிருச்சு. எண்பதுகள் நடுவுல எரிக் கிளாப்டன் அதே ஜாக்சன் வரியோட பாடிட்டாரு. ஜாக்சன் குரல்ல 2010 வரைக்கும் வரல. சொத்துத் தகராறுல பூட்டிக்கிடக்குற வீட்டை பார்த்து "இந்த வீட்டுல குடியிருக்க யாருக்கும் இஷ்டம் இல்ல போல"ன்னு சொன்னா எப்படி இருக்கும், அதுதான் இந்த மாதிரி பாட்டை ரிஜெக்ட்னு சொல்றது.

ருசி வித்தியாசமும் இருக்கத்தான் செய்யும், இல்லன்னு சொல்லல. 1987 பேட் ஆல்பத்துல ஜாக்சனுக்கு 'ஸ்ட்ரீட்வாக்கர்' வேணும், குவின்சிக்கு 'அனதர் பார்ட் ஆஃப் மீ' வேணும், குவின்சி ஜெயிச்சாரு. இதுல நான் ஜாக்சன் பக்கம், ஆனா இது ஒண்ணுதான் எனக்கு தெரிஞ்சு நேரடியா "எது நல்ல பாட்டு"ன்னு நடந்த சண்டை, அதனாலதான் எங்க கும்பல்ல இதுக்கு முடிவே வரமாட்டேங்குது.

குரல் அவரோடதுதானா

2010 டிசம்பர்ல மைக்கேல்னு ஒரு ஆல்பம் வந்துச்சு. அதுல மூணு பாட்டு, 'பிரேக்கிங் நியூஸ்', 'மான்ஸ்டர்', 'கீப் யுவர் ஹெட் அப்'. முதல் தடவை கேட்டப்பவே எனக்கு பல்லுல கல்லு மாட்டின மாதிரி இருந்துச்சு. உலகம் பூரா ரசிகர்கள் ரெண்டா உடைஞ்சாங்க, கலிஃபோர்னியாவுல ஒரு ரசிகை 2014ல கேஸ் போட்டாங்க, பல வருஷம் இழுத்துச்சு, 2022ல அந்த மூணு பாட்டையும் ஸ்ட்ரீமிங்லேர்ந்து எடுத்துட்டாங்க. எடுத்தவங்க சொன்னது, குரல் உண்மையா பொய்யாங்கிறதுக்கும் எடுத்ததுக்கும் சம்பந்தம் இல்லன்னு. இதை கவனிச்சுக்கோங்க, ஏன்னா நம்ம பசங்க "கோர்ட்டே ஃபேக்னு சொல்லிருச்சு"ன்னு அடிச்சு விடுறாங்க. கோர்ட்டுல பெருசா ஓடினது, அட்டையிலயும் விளம்பரத்துலயும் போட்ட வார்த்தைக்கு கம்பெனி பொறுப்பாங்கிற வாதம். குரல் யாரோடதுன்னு தீர்ப்பு எழுதல. என் காதுக்கு அது அவர் இல்ல. அது என் காது, அவ்ளோதான்.

கேக்கும்போது என்ன பார்க்கணும்னா, ஸ்வீடியன் ஒரு மரப்பலகை மேடை போட்டு அதுமேல ஜாக்சனை நிக்க வெச்சு பாட வெப்பாரு, ஆள் ஆடாம பாட மாட்டாரு, கால் தட்டுறது விரல் சொடுக்குறது எல்லாம் மைக்ல விழும், அதை சுத்தம் பண்ணாம அப்படியே விட்டுருவாரு. நல்ல ஹெட்போன் மாட்டிக்கிட்டு, ஃபேனை ஆஃப் பண்ணிட்டு, நைட்டு கேளுங்க, பாட்டுக்கு பின்னாடி ஒரு உடம்பு அசையுறது தெரியும். ஆனா இது ஒண்ணை வெச்சு முடிவு பண்ணிடாதீங்க, பழைய ரெக்கார்டிங்லேர்ந்து மூச்சையும் சொடக்கையும் வெட்டி ஒட்டலாம், அந்த மூணு பாட்டைப் பத்தி ரசிகர்கள் வெச்ச புகார்ல அதுவும் ஒண்ணு.

அப்புறம் வேகம். மாமா கடையில ரெண்டு டெக் இருந்துச்சு, அதுல ஒண்ணு கொஞ்சம் வேகமா ஓடும். நான் ஏழாவது படிக்கும்போதுலேர்ந்து கேட்ட 'பில்லி ஜீன்' அரைக்கட்டை மேல. காலேஜ் போய் முதல் தடவை சிடியில கேட்டப்போ ஜாக்சனுக்கு ஜுரமோன்னு நினைச்சேன், அவ்ளோ மெதுவா இருந்துச்சு. "வேற வெர்ஷன் கிடைச்சிருக்கு, குரல் மெலிசா இருக்கு"ன்னு யாராச்சும் வந்தா முதல்ல ஃபோன்ல ஸ்ருதிப்பெட்டி ஆப்பை போட்டு ஸ்ருதி பாருங்க. முழுப்பாட்டும் ஒரே அளவு ஏறியிருந்தா அது வெர்ஷன் இல்ல, யாரோ ஒருத்தர் வீட்டு டேப் ரெக்கார்டரோட பழுது.

ஃபைலையும் பாருங்க. ஆடாசிட்டிங்கிற சவுண்டு சாஃப்ட்வேர் இலவசம்தான், அதுல போட்டு ஸ்பெக்ட்ரோகிராம் காட்டச் சொன்னா படம் மாதிரி வரும். சிடி தரம்னா 22 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் மேல பூ தூவின மாதிரி இருக்கும், 128 எம்பி3லேர்ந்து மாத்தினதுன்னா 16 கிட்ட கத்தி வெச்சு சீவின மாதிரி நிக்கும். "ஸ்டூடியோ மாஸ்டர் லீக்"னு சொல்லி சீவின ஃபைலை குடுத்தா குடுத்தவன் உருட்டுறான். ஆனா சீவியிருக்குங்கிறதால பாட்டு போலின்னு ஆயிடாது, முழுசா இருக்குங்கிறதால நிஜம்னும் ஆயிடாது. பால்ல தண்ணி இருக்கான்னுதான் அது சொல்லும், மாடு யாரோடதுன்னு சொல்லாது.

இப்போ எல்லாத்துக்கும் மேல ஏஐ. இதுல ரெண்டு வேலையை போட்டு குழப்பாதீங்க. பீட்டில்ஸோட 'நவ் அண்ட் தென்' 2023 நவம்பர்ல வந்துச்சு, ஜான் லெனன் எழுபதுகள்ல வீட்டு கேசட்டுல பாடி வெச்சது, தொண்ணூறுகள்ல மத்த மூணு பேரும் முயற்சி பண்ணப்போ பியானோ குரலை அமுக்கிருச்சு, ஒரே இரைச்சல், கைவிட்டுட்டாங்க. அப்புறம் மிஷினை வெச்சு குரலை பியானோவுலேர்ந்து உரிச்சு எடுத்தாங்க. உரிச்சது லெனன் பாடினதுதான். இல்லாத குரலை புதுசா செஞ்சு ஒட்டுறது முழுக்க வேற. யாராச்சும் ஏஐன்னு சொன்னா "உரிச்சதா, செஞ்சதா"ன்னு ஒரே கேள்வி கேளுங்க.

காசு குடுக்காதீங்க

இது ஏன் சொல்றேன்னா நான் குடுத்தேன். ரசிகர்கள் கூட்டா காசு போட்டு, அரிய பாட்டு சேகரிச்சு வெச்சிருக்கிற ஆளுங்ககிட்ட லீக் பாட்டு வாங்குற பழக்கம் ஒண்ணு இருக்கு. மூணு வருஷம் முன்னாடி ஒருத்தர் "டேஞ்சரஸ் காலத்து பாட்டு, இதுவரை யாரும் கேட்டதில்ல"ன்னு பதினஞ்சு செகண்டு துண்டு மட்டும் அனுப்பினாரு. துண்டு கேட்டா உயிர் போயிருச்சு. ஆளுக்கு 1,500 போட்டோம். ஃபைல் வந்துச்சு, வீட்டுல லைட்டெல்லாம் அணைச்சுட்டு கேட்டேன், முதல் சரணம் பிரமாதம், ரெண்டாவது சரணத்துல ஒரு இடத்துல "ஹீ ஹீ" வருது, மூணாவதுலயும் அதே "ஹீ ஹீ", அதே நீளம், அதே மூச்சு. ஆடாசிட்டியில ஒண்ணுமேல ஒண்ணு வெச்சேன், ரெண்டும் மயிரிழை மாறாம பொருந்துது. தேடிப்போனா அது 1991ல வந்த பாட்டுலேர்ந்து வெட்டினது, மீதி ஏதோ சாஃப்ட்வேர் பாடினது. விற்ற ஆள் நம்பரை மாத்திட்டாரு. வீட்டுல இந்த 1,500 கணக்கை இன்னிவரைக்கும் சிலிண்டர்னு சொல்லி சமாளிச்சிருக்கேன்.

ஏமாறாம இருந்தாலும் அதுல ஒரு உறுத்தல் இருக்கு. முடிக்காத டேப்பை யாரோ திருடி விக்கிறதுதானே அது. டெமோன்னு முத்திரை குத்தி அவங்களே விட்டா கேக்கலாம், பேசலாம். அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் தன்னோட பிளாக் ஆல்பத்தை 1987 டிசம்பர்ல வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்னாடி வேணாம்னு நிறுத்திட்டாரு, ஊரெல்லாம் திருட்டுப் பிரதி சுத்துச்சு, முறைப்படி 1994லதான் வந்துச்சு. அந்த திருட்டுப் பிரதியைத்தானே நம்ம ஊர்ல பர்மா பஜார்ல தேடி அலைஞ்சோம்னு ஒரு பெருசு சொன்னாரு. சரி, நான் மட்டும் யோக்கியமா.

கேக்காத பாட்டுக்கு சண்டை போடாதீங்கன்னு சொன்னா ராஜா ரசிகர்கள் என்னை அடிக்க வருவாங்க. 1993ல லண்டன்ல ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோட பதிஞ்ச சிம்பொனி இன்னும் வெளிவரல, 2025 மார்ச் 8ல லண்டன்ல அரங்கேறினது வேலியன்ட்ங்கிற சிம்பொனி, அது வேற. ஆனா மயிலாப்பூர் மாட வீதியில எந்த மெஸ்ஸுல உக்காந்தாலும் அந்த 1993 சிம்பொனியோட மூணாவது பகுதி எப்படி இருக்கும்னு சொல்ல ஒருத்தர் இருப்பாரு. கேட்டீங்களா சார்னா "கேட்டவங்க சொன்னாங்க"ம்பாரு. நான் வாயை மூடிக்கிட்டு இன்னொரு வடை சொல்லிடுவேன்.

நீங்களே அடுக்கிப் பாருங்க

எல்லாம் பார்த்தாச்சு, ரகம் தெரியும், வருஷம் தெரியும், குரலும் அவரோடதுதான். இப்போ "ஆல்பத்துல இருந்திருக்கணும்"னு சொல்லணுமா, தாராளமா சொல்லுங்க, ஆனா எதை எடுத்துட்டுன்னும் சேர்த்து சொல்லணும், இது எங்க கும்பல்ல சட்டம். ஃபோன்ல ப்ளேலிஸ்ட் போடுங்க, 42 நிமிஷத்துக்கு மேல போகக்கூடாது, ரெண்டு பக்கமா பிரிக்கணும், ஒரு பக்கம் இருபத்திரெண்டை தாண்டக்கூடாது. அதை ஒரு வாரம் அப்படியே கேளுங்க. 29சி பஸ்ல ஏறி ஜன்னல் சீட்டு கிடைச்சா பெசன்ட் நகர் போறதுக்குள்ள ஆல்பம் முழுசா ஒரு தடவை ஓடி மறுபடி ஆரம்பிச்சிருக்கும், டிராஃபிக் புண்ணியம்.

நான் 'ஹியூமன் நேச்சர்' இடத்துல 'கேரவுசல்' வெச்சு பார்த்தேன். 'பில்லி ஜீன்' முடிஞ்ச உடனே அது வருது. நுங்கம்பாக்கம் தாண்டுறதுக்குள்ளயே தெரிஞ்சிருச்சு, தனியா கேக்கும்போது இனிச்ச பாட்டு அந்த இடத்துல கொஞ்சம் வழியுது, 'பில்லி ஜீன்' இறுக்கிப் புடிச்ச மனசை இறக்கி விடணும்ல, அதை இது செய்யல. சரின்னு 'பேபி பி மைன்' எடுத்துட்டு முதல் பக்கத்துல வெச்சேன், பரவாயில்ல. 'தி கேர்ள் இஸ் மைன்' எடுத்துட்டு வெச்சேன், இன்னும் நல்லா இருந்துச்சு, ஆனா அதுல கூடப் பாடின பால் மெக்கார்ட்னியை வெளிய அனுப்ப எந்த கம்பெனி ஒத்துக்கும், அதுதானே ஆல்பத்துலேர்ந்து வந்த முதல் சிங்கிளே.

இந்த ப்ளேலிஸ்டை போன வாரம் மாமாவுக்கு போட்டுக் காட்டினேன். கடையை மூடி பல வருஷம் ஆச்சு, இப்போ எழுபது தாண்டிருச்சு, இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது, ஜாக்சனை "நம்ம ஆளு"ன்னுதான் சொல்லுவாரு. 2001 சிடியில 'கேரவுசல்' ரெண்டு நிமிஷம்கூட இல்ல, துண்டுதான் இருந்துச்சு, அதை அவரே அப்போ யாருக்கோ கேசட்டுல பதிஞ்சு குடுத்திருக்காரு. இப்போ முழுசா கேட்டாரு. கண்ணை மூடி, விரலால சேர் கைப்பிடியில தட்டிக்கிட்டே கேட்டாரு.

"எத்தனை நிமிஷம்டா இது?"

சொன்னேன்.

"நல்லாத்தான் இருக்கு. பி சைடு கடைசியில போடு. கட் ஆனாலும் எவனும் திருப்பிக் குடுக்க வரமாட்டான்."